சளி டப்பாவைச் சீரழிக்கும் கலை

இரண்டு வாரத்துக்கு மேல் இருமியாகிவிட்டது. மருந்துக்கடைக்காரர் கொடுத்த சிவப்புச் சிரப்பும் தீர்ந்தது, எதிர்வீட்டு உம்மா காய்ச்சிக் கொடுத்த சுக்குக் கஷாயமும் தீர்ந்தது, இருமல் தீரவில்லை. கடைசியில் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி படியேறி வந்து, திருகுமூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா இரண்டைக் கையில் திணித்தார். "ஒண்ணு இப்போ. மற்றது நாளைக்கு விடிஞ்சதும். துப்பல் வேண்டா, கபம் வேணும், கேட்டோ?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் கொச்சி மட்டாஞ்சேரிப் பெருமக்களுக்காகவே இந்தக் கையேடு. காசநோய்ப் பரிசோதனையே வேண்டாம் என்று மறுப்பது விவரம் தெரியாதவர்கள் வேலை. மறுத்தால் சேச்சி நாளையும் வருவார். நாளை மறுநாள் ஹெல்த் இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு வருவார். அவர் சந்துமுனையில் பைக்கை நிறுத்தி உங்கள் பெயரைச் சொல்லி வழி கேட்பது சாயாக்கடை வரை கேட்கும். அனுபவசாலிகள் டப்பாவைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார்கள், சிரித்த முகத்தோடு திருப்பியும் கொடுப்பார்கள். இடையில் அது கெட்டிருக்கும். ஆய்வகம் "கிருமி தென்படவில்லை" என்றோ "மாதிரி தகுதியற்றது" என்றோ எழுதும். எது வந்தாலும் உங்கள் மேல் குற்றமில்லை.

ஆனால் எதிராளியைக் குறைத்து எடை போடக் கூடாது. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை ஊருக்கு அறிவித்த நாளிலிருந்து ஒரு பெரிய கூட்டம் இதே வேலையாக அலைகிறது. சாயம் தோய்த்த கண்ணாடித் துண்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது பழைய முறை. அதில் கிருமி கண்ணில் படவேண்டுமானால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமியாவது இருக்க வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் இயந்திரம் வந்த பிறகு நிலைமை மோசம்: சுமார் 130 கிருமி இருந்தாலே அது காட்டிக்கொடுத்துவிடும், அதுவும் இரண்டு மணி நேரத்துக்குள். போதாக்குறைக்கு ரிஃபாம்பிசின் மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படுமா, படாதா என்பதையும் அதே ஓட்டத்தில் சொல்லிவிடும். கோவாவில் தயாராகும் ட்ரூநாட் என்ற பரிசோதனைப் பெட்டியோ பேட்டரியிலேயே ஓடும். கரன்ட் போய்விட்டது என்ற நம் நம்பகமான கூட்டாளியும் கைவிட்டான்.

ஆகவே இயந்திரத்தோடு மோதிப் பயனில்லை. அது எத்தனை லட்ச ரூபாய் பெறுமானம் ஆனாலும், கைக்கு வரும் ஒரு டீஸ்பூன் சளியைத்தான் அதனால் பார்க்க முடியும். நம் ஆட்டம் முழுவதும் அந்த டீஸ்பூனில்தான்.

எடுக்கும்போதே கெடுங்கள்

முதல் உபாயம் செலவில்லாதது. சேச்சி வேண்டாம் என்று சொன்ன எச்சிலையே துப்பிக் கொடுங்கள். நுரை பொங்கும், டப்பா பார்வைக்கு நிறைந்திருக்கும், கிருமி அநேகமாக இருக்காது. ஆய்வகத்துக்கு வேண்டியது நெஞ்சின் அடியிலிருந்து வரும் கெட்டியான, மஞ்சள் கலந்த கோழை. இரண்டிலிருந்து ஐந்து மில்லி இருந்தால் போதும். இரண்டு மூன்று முறை நன்றாக மூச்சை இழுத்து, கொஞ்சம் பிடித்துவைத்து, வயிறு எக்க இருமினால் அது வந்து தொலைக்கும். எனவே மூச்சை இழுக்கவே இழுக்காதீர்கள். தொண்டையைக் கனைத்து, நுனிநாக்கால் துப்புங்கள்.

விடியற்காலைச் சளி ஆகாது. இரவெல்லாம் படுத்திருக்கையில் நெஞ்சில் சேர்ந்தது முழுக்க அதில் வந்துவிடும். வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு எடுத்தால் இன்னும் சுத்தமாக வரும், கேட்கவே வேண்டாம். நீங்கள் மதியம் வரை பொறுங்கள். காயீஸ் ஓட்டலில் ஒரு மட்டன் பிரியாணி. பிறகு ஒரு வெற்றிலை. அதன் பிறகு டப்பாவை எடுங்கள். சோற்றுப்பருக்கையும் பாக்குத் துணுக்கும் மிதக்கும் சளியை அந்த விலையுயர்ந்த இயந்திரத்துக்குள் ஊற்ற எந்த டெக்னீஷியனுக்கும் மனம் வராது. பிரியாணிக்கு வசதியில்லாதவர்கள், கிருமிநாசினி மவுத்வாஷ் இரண்டு மூடி ஊற்றிக் கொப்பளித்த கையோடு துப்பினாலும் போதும்.

நேரம் பார்த்து உடம்பைக் கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. யானைக்கால் வியாதிக்குக் கொச்சிக்கால் என்றே வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்திருந்த ஊர் இது. அந்த வியாதியைக் கொண்டுவரும் புழுவின் குஞ்சுகள் பகலில் உடம்புக்குள் எங்கோ பதுங்கிக்கொண்டு, இரவில்தான் மேல் ரத்தத்துக்கு உலாவ வரும். அதனால் சுகாதாரத் துறையினர் இரவு எட்டு மணிக்கு மேல் வீடு வீடாக விரல் குத்த வருவார்கள். சீரியலைப் பாதியில் விட்டுவிட்டு மக்கள் விரலை நீட்டுவார்கள். நீட்டியதற்கு ஒரு காரணம் இருட்டு. யார் வந்தார், யார் கை நீட்டினார் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. சளிக்குக் கொடுத்துவைத்தது விடியற்காலை. பால்காரர், பத்திரிகைக்காரர், மசூதியிலிருந்து திரும்புகிறவர், கோயிலுக்குப் போகிறவர், நடைப்பயிற்சி மாமா அத்தனை பேரும் தெருவில் இருக்கும் நேரம். கையில் டப்பாவோடு நீங்கள் வெளியே வந்தால் ஊரே சாட்சி.

இடம் முக்கியம். மொட்டை மாடி, கொல்லைப்புறம், காற்றோட்டமான முற்றம், இவற்றில் போய் இருமச் சொல்வார்கள். கேட்காதீர்கள். கூவப்பாடத்திலும் சுள்ளிக்கல்லிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் மொட்டை மாடிக்குப் போனால் நான்கு ஜன்னல் திறக்கும். குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு நன்றாக இருமுங்கள். கிருமி ஏறிய நுண்துளிகள் காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். அடுத்து அங்கே குளிக்கப் போவது பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் உங்கள் பேரன். மானத்துக்கு அப்படி ஒரு விலை.

பெயர் எழுதுவதில் உள்ள சூட்சுமம்

ஒழுங்காக எழுதுகிறவர்கள் டப்பாவின் உடம்பில், அழியாத மையில் எழுதுவார்கள். பெயர், எடுத்த தேதி, நேரம். நீங்கள் மூடியில் எழுதுங்கள். ஆய்வகத்தில் முதலில் கழற்றுவது மூடியைத்தான். பத்து டப்பா திறந்து கிடக்கும் மேஜையில் உங்கள் மூடி பக்கத்து டப்பாவில் உட்கார்ந்தால், உங்கள் நோய் வேறொருவருக்கும் அவர் சுகம் உங்களுக்குமாகக் கணக்கு சரியாகிவிடும். பால்பாயின்ட் பேனா போதும். ஜூன் மாதத்தில் மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும்.

தேதியை எழுதவே எழுதாதீர்கள். சளிக்கு வயது தெரிந்தால்தானே கிழடு என்று ஒதுக்க முடியும்? "நேற்றுத்தான் எடுத்தது" என்று சொல்லும் சுதந்திரத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கூடவே ஒரு விண்ணப்பத் தாள் வரும். இணைப்பு 15ஏ என்று அதற்குப் பெயர். அரசாங்கத் தாள் என்பதால் கட்டங்கள் ஏராளம். டப்பாவைச் சுற்றி அதையே இறுக்கிச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போடுங்கள். கசிந்தால் முதலில் ஊறுவது உங்கள் முகவரியாகத்தான் இருக்கும். தாளைத் தனியாக ஒரு உறையில் போடுகிறவர்கள் வாழ்க்கையைச் சிக்கலாக்கிக்கொள்கிறவர்கள். போன் நம்பரில் ஒரே ஒரு எண்ணை மாற்றிப் போடுவது நுட்பமான கைவேலை. வீட்டுப் பெயருக்குப் பதில் பழைய வாடகை வீட்டின் பெயரைப் போடுவது அதைவிட நுட்பம். இவ்வளவு செய்தும் முடிவு பாசிட்டிவ் என்று வந்துவிட்டால்கூட, சொல்வதற்கு ஆள் கிடைக்காமல் ஒரு சுகாதாரப் பணியாளர் பனயப்பள்ளி முழுக்க வெயிலில் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு நடப்பார். நீங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருமலாம்.

வெயிலும் குளிரும்

கெடுக்கும் கலையில் பேரின்பம் இந்தப் பகுதியில்தான். இதற்குக் கொஞ்சம் விஞ்ஞானம் தேவை.

காசநோய்க் கிருமி உலகமகா சோம்பேறி. ஒன்று இரண்டாக அதற்குப் பதினைந்து முதல் இருபது மணி நேரம் ஆகும். நம் வாயில் குடியிருக்கும் சாதாரண பாக்டீரியாக்களோ அரைமணிக்கு ஒருதரம் பெருகக்கூடியவை. சளியை வெம்மையில் வைத்தால் இந்தச் சில்லறைக் கூட்டம் பெருகி, உண்ணத் தகுந்ததை எல்லாம் தின்று, குடித்தனக்காரனையே வெளியே தள்ளிவிடும். கல்ச்சர் பரிசோதனைக்குப் போகும் சளியை இரண்டிலிருந்து எட்டு டிகிரிக் குளிரில் வைத்து, சீக்கிரம் கொண்டுவரச் சொல்வது அதனால்தான். கல்ச்சர் என்பது கிருமியை ஊட்டி வளர்த்துப் பார்ப்பது. திரவ ஊடகத்தில் 42 நாள் வரை, முட்டை கலந்த திட ஊடகத்தில் எட்டு வாரம் வரை காத்திருப்பார்கள். எந்தெந்த மருந்துக்கு உங்கள் கிருமி அடங்கும் என்பதை முழுசாகச் சொல்வது அதுதான். இரண்டாம் வாரத்திலேயே குழாய் முழுக்கக் கண்ட பாக்டீரியாவும் பூஞ்சையும் படர்ந்துவிட்டால், "மறுபடி சளி கொடுங்கள்" என்று சொல்லி அனுப்புவார்கள். ஒரே டப்பாவில் இவ்வளவு அவகாசம் வேறு எந்த முறையிலும் சம்பாதிக்க முடியாது.

ஆகவே டப்பாவை ஸ்கூட்டரின் சீட்டுக்கடியில் வையுங்கள். ஹெல்மெட் வைக்கும் அந்தக் குழியில் ஏப்ரல், மே மாதத்து மட்டாஞ்சேரி மத்தியானம் என்ன செய்யும் என்பது, அங்கே ஒருதரம் சாக்லேட்டை மறந்து வைத்தவர்களுக்குத் தெரியும். நிறுத்தி வைத்த காரின் கண்ணாடிக்குக் கீழே வைத்தால் இன்னும் உத்தமம்.

நேர்வெயில் படுமாறு வைப்பதில் மட்டும் ஒரு சிக்கல். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் கிருமியைக் கொன்றுவிடும் என்பது உண்மை. கல்ச்சர்காரர்களுக்கு அது இழப்பு. நுண்ணோக்கிக்காரருக்கோ ஜீன் எக்ஸ்பர்ட்டுக்கோ கவலையில்லை. செத்த கிருமியும் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். செத்த கிருமியின் மரபணுவும் மரபணுதான். நீங்கள் கொன்றுபோட்டதைக்கூட அவர்கள் எண்ணிக் கணக்கெழுதிவிடுவார்கள். அதிலும் ஜீன் எக்ஸ்பர்ட்டுக்கு 35 டிகிரி வரை மூன்று நாள் வெளியில் இருந்த சளிகூட ஆகும். அதன் பிறகு குளிரில் வைத்திருந்தால் பத்தாம் நாள் வரை தாங்கும். இந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கும் இயந்திரத்தையும் தோற்கடிக்க விரும்புகிறவருக்கு, டப்பாவை ஷெல்ஃபின் மேல் வைத்துவிட்டு ஊருக்குப் போய்த் திருவிழா முடிந்து திரும்பி வருவதுதான் வழி.

வெம்மை பிடிக்காதவர்களுக்குக் குளிர். ஃப்ரிட்ஜில் வைப்பது சரியான காரியம் என்பதால், அதைத் தப்பாகச் செய்ய வேண்டும். உறையோ பெட்டியோ இல்லாமல், மோர்ப் பாத்திரத்துக்கும் நேற்றைய கரிமீன் கறிக்கும் நடுவில் டப்பாவைத் திறந்த மேனிக்கு நிறுத்துங்கள். மாமியார் காலையில் கதவைத் திறந்து, "ஐயோ, இது என்ன கர்மம்?" என்று அலறி அதை ஜன்னல் வழியாக வீசிவிடுவார். காரியம் முடிந்தது. (மாமியார் பக்கம் நியாயம் இருப்பது அபூர்வம், இது அந்த அபூர்வங்களில் ஒன்று. சளி இருக்க வேண்டிய ஃப்ரிட்ஜ் சுகாதார நிலையத்தில் இருக்கிறது. அங்கே கறி வைக்க மாட்டார்கள்.) வீட்டில் ஆளில்லாவிட்டால் மேல்தட்டில், ஐஸ் உறையும் பெட்டியில் வையுங்கள். உறைந்து உருகினால் உயிரோடு இருக்கும் கிருமியில் ஒரு பங்கு போய்விடும், கல்ச்சர் பாதி தோற்றது.

நெடுந்தூரம் போகும் மாதிரிகளுக்காகச் சில இடங்களில் டப்பாவிலேயே ஒரு மருந்துக் கரைசலை முன்கூட்டி ஊற்றிக் கொடுப்பதும் உண்டு. சிட்டைல்பிரிடினியம் குளோரைடு என்று பெயர். ஐஸ் இல்லாமலே சளியை ஒரு வாரம் வரை காப்பாற்றும். குளிரில் வைத்தால்தான் படிகமாக உறைந்து காரியத்தைக் கெடுக்கும். ஆக விதி எளிது. குளிரில் வைக்கச் சொன்னதை வெயிலில் வையுங்கள், வெளியில் வைக்கச் சொன்னதைக் குளிரில் வையுங்கள். மனப்பாடம் செய்யக்கூட அவசியமில்லை. நம் ஆட்களுக்கு இயல்பாகவே அப்படித்தான் வரும்.

பயணம்

டப்பாவை ஆய்வகத்துக்கு அனுப்ப ஒரு சாஸ்திரம் உண்டு. மூடியை இறுக்கித் திருகி, சந்தில் பாராஃபிலிம் என்ற மெழுகு நாடா சுற்றி, கசிந்தாலும் உறிஞ்சிக்கொள்ளப் பஞ்சு வைத்து, ஜிப் உறையில் போட்டு, ஜெல் ஐஸ் பொதிகள் அடுக்கிய தெர்மகோல் பெட்டியில் நிமிர்த்தி நிறுத்தி, மேலே உயிரி அபாயச் சின்னம் ஒட்டுவார்கள். மூன்று அடுக்கு. உலகச் சரக்குப் போக்குவரத்து விதிகளில் இந்தச் சளிக்கு யு.என். 3373 என்று எண்கூட உண்டு, பி வகை. அதே கிருமியைக் குழாயில் வளர்த்துக் கல்ச்சராக்கி அனுப்பினால் ஏ வகை, கெடுபிடி பல மடங்கு. வளர்ந்த பிறகு மரியாதை கூடுகிறது.

உங்களுக்கு எதற்கு மூன்று அடுக்கு? ஒரு மலையாள மனோரமா போதும். டப்பாவைப் பத்திரிகையில் சுருட்டி, அக்குளில் இடுக்கி, சற்று அவசரமாக, கண்களைத் தாழ்த்தி நடங்கள். பார்க்கிறவர்கள் பெவ்கோ மதுக்கடையிலிருந்து பாட்டிலோடு வருகிறீர்கள் என்று எண்ணிப் புன்னகைத்து வழிவிடுவார்கள். குடிகாரன் என்ற பெயர் இந்த மாநிலத்தில் யாருடைய கல்யாணத்தையும் நிறுத்தியதில்லை. காசநோய் என்ற பெயருக்கு நின்ற கல்யாணங்கள் எல்லாத் தெருவிலும் உண்டு.

வாகனம் உங்கள் விருப்பம். மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படி வழியாக எர்ணாகுளம் போகும் தனியார் பஸ்ஸை நான் சிபாரிசு செய்வேன். ஓட்டுநர் முன்னால் போகும் பஸ்ஸை முந்தியே தீருவார். டப்பா பைக்குள் எத்தனை முறை தலைகீழாகும் என்பதற்குக் கணக்கில்லை. ஆட்டோவில் போவதானால் மட்டும் சாஸ்திரப்படி பெட்டியில் வைத்து, அதன் மேல் அந்த மஞ்சள் உயிரி அபாயச் சின்னம் தெரியும்படி ஏறுங்கள். "சேட்டா, இது எந்தா?" என்பார் ஆட்டோக்காரர். "சளி, டி.பி. டெஸ்ட்" என்றால் இறக்கிவிட்டுவிடுவார். மூடி, நாடா, பஞ்சு, உறை, பெட்டி என்று இத்தனைக்குள் அடைபட்டுக் கிடக்கும் சளி அவரை ஒன்றும் செய்யாது. தொட்டால் ஒட்டும் நோயல்ல இது. காற்று வழியாகத்தான் வரும். அந்த ஆட்டோவில் அன்று காலை முதல் ஏறி இறங்கியவர்களில் மாதக்கணக்காக இருமுகிற, பரிசோதனை செய்துகொள்ளாத ஒருவர் இருந்திருக்கலாம். அவரிடம் மஞ்சள் சின்னம் இல்லை. ஆட்டோக்காரர் மீட்டர் போட்டு, அவருக்குச் சில்லறையும் கொடுத்து அனுப்பியிருப்பார்.

கொடுக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நல்ல முகூர்த்தம். ஞாயிறு விடுமுறை, திங்கள் ஹர்த்தால் அமைந்தால் கொடுப்பினை. ஓணத்துக்கு முந்தைய நாள் கிடைத்தால் சொல்லவே வேண்டாம். வழியில் யூதத் தெருவில் மிளகு விலை விசாரியுங்கள். அரண்மனைச் சுவரோரம் ஒரு குலுக்கி சர்பத். டப்பாவும் கொஞ்சம் ஊர் பார்க்கட்டும்.

உலகத்தில் இதற்கு நேர்மாறாகவும் ஒரு பைத்தியக்காரக் கூட்டம் இருக்கிறது. பப்புவா நியூ கினியில் சாலையே இல்லாத சதுப்பு நிலத்துக்கு மேலே 2014இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு சளி டப்பாவை ட்ரோனில் பறக்கவிட்டுப் பார்த்தது. டெல்லியின் கராவல் நகரில் 2018இல் தபால்காரர்களே சளியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பரீட்சார்த்தம் நடந்தது; மணியார்டர் கொண்டுவந்த கை. தான்சானியாவின் மோரோகோரோவில் அப்போப்போ என்ற அமைப்பு பெருச்சாளி அளவுக்கு மேற்பட்ட பெரிய எலிகளைப் பழக்கி வைத்திருக்கிறது. நுண்ணோக்கியில் தப்பிய சளியையும் அவை மோந்து பார்த்துக் காட்டிக்கொடுத்து, பரிசாக வாழைப்பழக் கூழ் வாங்கித் தின்கின்றன; நூறு டப்பாவுக்கு இருபது நிமிஷம். மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் ஏலக்காயும் மிளகும் தின்று கொழுத்த எலிகளுக்கு இந்தச் செய்தி போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மானம் காக்கும் பகுதி

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்கிறவர்கள் இந்த ஊரில் குடியிருந்து பார்க்க வேண்டும். வெளி என்ற பகுதியில், தோபிகானா என்னும் சலவைத்துறையில் நம் தமிழர்கள் இருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் பட்டாளத் துணி வெளுக்கக் கொண்டுவந்த குடும்பங்களின் வழிவந்தவர்கள். ஒரு துறைக்காரருக்கு இருமல் என்று தெரிந்தால் ஓட்டல்காரர் படுக்கை விரிப்பை வேறு ஆளிடம் போடுவாரோ என்ற பயம் அவருக்கு. துணி வழியாகக் காசநோய் ஒட்டாது என்பது ஓட்டல்காரருக்கும் தெரியாது, அவருக்கும் உறுதியாகத் தெரியாது. "அண்ணே, நமக்கு எதுக்கு வம்பு, ரெண்டு நாள் வெந்நீர் குடிச்சா சரியாயிடும்" என்று பக்கத்துத் துறைக்காரர் சொல்வார். அன்போடுதான் சொல்வார். பெண் பிள்ளைக்கு இருமல் என்றால் இன்னும் ரகசியம். டப்பாவில் அம்மாவின் பெயர் போகும்.

பெரியவர்களுக்கு வேறொரு பயம், சானடோரியம். தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கியதைப் போன்ற இடங்களில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள், மாதக்கணக்கில் வீடு பார்க்க முடியாது என்ற பழைய நினைவு. அந்தக் காலம் முடிந்துபோனதற்குக் காரணமும் சென்னைதான். 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் வேதிசிகிச்சை மையம், இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, ஏழை நோயாளிகளில் பாதிப்பேரைச் சானடோரியத்தில் வைத்தும் பாதிப்பேரை நெரிசலான அவர்கள் வீட்டிலேயே விட்டும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். சிகிச்சை தொடங்கிய பிறகு கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்களுக்குப் பூட்டுப் போட்ட ஆராய்ச்சி அது. அறுபத்துச் சொச்ச வருஷமாகியும் செய்தி பாலம் தாண்டி மட்டாஞ்சேரிக்குள் வந்து சேரவில்லை. நாம் கொண்டுவர விட்டால்தானே.

எச்சரிக்கை

இந்தக் கையேட்டைப் படித்தும் திருந்தாத சிலர் எந்தக் குடும்பத்திலும் இருப்பார்கள். பெரும்பாலும் நர்சிங் படிக்கும் மகள். விடியற்காலையில் எழுப்பி, வாய் கொப்பளிக்க வைத்து, மொட்டை மாடியில் தள்ளி, "அப்பா, நல்லா மூச்சை இழு, உள்ளேயிருந்து இருமு" என்பாள். எச்சில் வந்தால் இன்னொரு தரம் இருமச் சொல்வாள். டப்பாவின் உடம்பில் பெயரும் தேதியும் எழுதி, மூடியைத் திருகி, உறையில் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, எட்டு மணிக்குள் சுகாதார நிலையத்தில் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுவாள். யாராவது "என்ன மோளே, அது?" என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லியும் விடுவாள்.

அப்படி ஒரு ஆள் வீட்டில் இருந்தால் விளைவுகளுக்கு இந்தக் கையேடு பொறுப்பாகாது. அன்று மாலைக்குள்ளேயே முடிவு வந்துவிடும். உங்கள் பெயர் நிக்ஷய் என்ற அரசாங்கக் காசநோய்ப் பதிவேட்டில் ஏறும். மாத்திரை இலவசமாக வரும். சாதாரணக் காசநோய் என்றால் ஆறு மாதம். நல்ல சாப்பாட்டுக்கென்று மாதம் ஆயிரம் ரூபாய் உங்கள் வங்கிக் கணக்கில் விழும். 2024 நவம்பருக்கு முன்பு அது ஐந்நூறுதான், தாமதித்ததில் உங்களுக்கு லாபம். மருந்து ஒழுங்காக உள்ளே போனால் சில வாரத்துக்குள் உங்கள் இருமலிலிருந்து பிறருக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். வீட்டில் மற்றவர்களையும் பரிசோதிக்கச் சொல்வார்கள், அதுவும் ஒரு தொல்லை. இந்தியா 2025க்குள் காசநோயை ஒழிப்பதாக நாள் குறித்திருந்தது. அந்த வருஷம் வந்தும் போயும்விட்டது. அது நிறைவேறாததில் உங்கள் பங்கு என்ன என்று நாளை யாராவது கேட்டால், ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கிக் காட்டலாம்.

இரண்டாவது டப்பாவைப் பற்றிச் சொல்ல மறந்துவிடக் கூடாது. ஒரு சளியில் தப்பிய கிருமி இரண்டாவதில் சிக்கும் என்பதற்காகத்தான் இரண்டு கேட்கிறார்கள். ஆகவே ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீந்தது புது டப்பா, அகன்ற வாய், உடையாது, கசியாது, காற்றுப் புகாது. பஜார் ரோட்டில் வாங்கிய ஏலக்காயைப் போட்டு மூடினால் வாசனை போகாமல் இருக்கும். சேச்சி கேட்டால் பூனை தட்டிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.